அரை இஞ்சிப் பைப்பும் ஒரு ‘அண்ணை’யும்

“அண்ணை, நீங்கள் தந்த சாமான் ஒண்டும் பொருந்தேல்லை.”

றொசாந்தி பையைக் கவிழ்த்தாள். பைப் மூலையில் திரும்பும் இடத்துக்குப் பூட்டுகிற மூன்று கறுப்பு எல்போக்கள் மேசையில் உருண்டன. குருநகரிலிருந்து மழையில் நனைந்தபடி சைக்கிளில் வந்திருந்தாள்.

ஹாட்வெயார் கடையில் நின்றவன் நிமிர்ந்தான். எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிற கண்கள்...

“முக்கால் இஞ்சி எண்டுதானே கேட்டனீங்கள். பைப்பை என்னெண்டு அளந்தனீங்கள்?”

அவள் தையல்காரி. அளவு நாடாவை எடுத்துக் காட்டினாள். “வெளியாலை.”

அவன் சிரித்துவிட்டான். “சட்டைக்குத்தான் வெளியாலை. பைப்புக்கு உள்ளாலை பாக்கோணும். உங்கடை பைப் அரை இஞ்சி.”

அவளுக்குக் காது சுட்டது. “அப்ப இதைத் திருப்பி எடுங்கோ.”

“திருப்பி எடுக்கிறேல்லை. மாத்தித் தரலாம்.”

மாற்றிக் கொடுத்தான். பில்லில் ‘கஜீபன்’ என்று கையெழுத்திட்டான். அவள் அதைத் தேவைக்கு அதிகமாக ஒருமுறை வாசித்தாள்.

அம்மா பெர்னடெட்டுக்கு முழங்காலில் ஒப்பரேசன். கிணற்றில் வாளி தூக்க ஏலாது, வீட்டுக்குப் பைப் பூட்டவேண்டும். பிளம்பர் இரண்டு கிழமையாக வருகிறேன், வருகிறேன் என்றார். “நானே பூட்டுவன்” என்று றொசாந்தி சொல்லிவிட்டாள். குசினி, குளியலறை, முற்றம். மூன்று இடத்துக்குத் தண்ணீர்.

மறுநாள் வந்தாள். “எல்போ பைப்புக்குள்ளை போகுதில்லை, அண்ணை.”

“பைப் நுனியைச் சுடுதண்ணியிலை பிடியுங்கோ. இளகும். பிறகு மாட்டிக் கிளிப்பை இறுக்குங்கோ.”

“எவ்வளவு நேரம் பிடிக்கிறது?”

“இளகுமட்டும்.”

அவள் பார்த்தாள். அவன் சட்டென்று கிளிப் பெட்டிக்குள் குனிந்தான்.

மூன்றாம் நாள், முற்றத்து மூலைக்கு எல்போ கேட்டாள்.

“வேண்டாம். வளையிற பைப்தானே... அகலமாய் வளைச்சு விடுங்கோ. உரும்பிராயிலை எங்கடை தோட்டத்துக்கு நான் அப்பிடித்தான் விட்டனான்.”

விற்க வேண்டியவன் ஏன் வேண்டாம் என்கிறான்? வழியெல்லாம் அதையே யோசித்தாள்.

அம்மா வாசலில் நின்றாள். “கடைப் பெடியன் எங்களைப்போலை சேர்ச்சுக்குப் போற வேதமோ, சைவமோ?”

“பைப் வாங்கச் சமயம் கேக்கிறதோ, அம்மா?”

“மூண்டாவது இடத்தோடை பைப் வேலை முடியுதுதானே?” என்றாள் அம்மா.

முடிந்தது. முற்றத்திலும் தண்ணீர் வந்தது. றொசாந்திக்கு அழுகை வந்தது. இனிக் கடைக்குப் போக ஒரு சாட்டும் இல்லை...

ஆனாலும் போனாள். “ஒரு கிளிப், அண்ணை.”

“எல்லா இடமும் தண்ணி வந்திட்டுதோ?”

“ஓம்.”

“ஒழுகுதோ?”

“இல்லை.”

“அப்ப கிளிப் எதுக்கு?”

தகரத்தில் மழை கொட்டியது. அவள் தன் நனைந்த செருப்பைப் பார்த்தாள். “அம்மா கேட்டவ, நீங்கள் வேதமோ சைவமோ எண்டு.”

“சைவம். வெள்ளிக்கிழமையிலை கோயிலுக்குப் போவன்.”

“நான் ஞாயிற்றுக்கிழமையிலை கோயிலுக்குப் போவன்.”

அவன் ஒரு கிளிப்பை எடுத்து மேசையில் வைத்தான்.

“வெள்ளியும் ஞாயிறும் ஒரு கிழமைக்குள்ளைதானே வருது... உங்கடை அம்மாவோடை நான் வந்து கதைக்கிறன். அதுக்கு முதல் ஒரு சாமான் திருப்பி எடுப்பியளோ?”

“எதை?”

“அந்த ‘அண்ணை’யை. முதல் நாளிலை இருந்தே எனக்கு அது பொருந்தேல்லை.”

அவள் கிளிப்பை எடுத்துக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

“திருப்பி எடுக்கிறேல்லை.”

அவன் முகம் விழுந்தது. அதை ஒரு கணம் ரசித்தாள்.

“மாத்தித் தரலாம்... கஜீபன்.”