ஏழாம் பகுதியின் கையெழுத்து

காலைப் பணி முடிந்த கையோடு ஜெசிந்தா ஹெட்போன் வாங்கக் கிளம்பினாள். கடல் ஏறி ஏறி, நாகை அதற்கு இரண்டு ஆள் உயரம் கீழே போய்விட்ட காலம். ஊரைக் காப்பது ஒரு கடற்சுவர். அதன் ஏழாம் பகுதிக்கு அவள்தான் செவியாளர். சுவருக்குள் பதித்த ஒலிவாங்கிகள் அனுப்பும் சத்தத்தை விடியலில் கேட்டு, குறை இல்லை என்று கையெழுத்திட வேண்டும். முன்பு இதை இயந்திரங்கள் பார்த்தன. அவை இரண்டு முறை பொய்யாக அலறி, நெரிசலில் ஆட்கள் செத்தார்கள். மனிதக் காது சொன்னால்தான் சைரன் என்று அப்புறம் சட்டம் வந்தது.

பன்னிரண்டு வருடமாக அரசு கொடுத்த செவிக்கலத்தை மாட்டிக் காது காய்த்துப்போனவளுக்கு, வீட்டில் பாட்டுக் கேட்கவாவது உசத்தியாக ஒன்று வேண்டாமா?

கடைக்காரன் நசீர் மூன்று ஜோடிகளை எடுத்து வைத்தான். "நல்லாப் பழகின பாட்டு ஒண்ணு கொண்டாந்தீங்களாக்கா? அதுலதான் வித்தியாசம் தெரியும்."

"எனக்கு மனப்பாடம்னா இதுதான் தம்பி." கைபேசியில் வைத்திருந்த சுவர்ப் பதிவுகளிலிருந்து அன்று காலை ஒலியைப் போட்டாள். நசீருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முதல் ஜோடியில் அலை கனமாக விழுந்தது. இரண்டாவதில் கொஞ்சம் துலக்கம். மூன்றாவதில், இரண்டு அலைகளுக்கு நடுவே 'டிக்' என்று ஏதோ கேட்டது, பொரித்த அப்பளத்தின் ஓரத்தை ஒடிக்கிற மாதிரி.

"சத்தம் கூட்டவாக்கா?"

"வேணாம். கூட்டினா எல்லாமே நல்லாத்தான் கேக்கும். இதே மாடல்ல இன்னொண்ணு பிரிங்க."

அதிலும் கேட்டது. நேற்றைய பதிவு, போன வாரத்துப் பதிவு என்று ஒவ்வொன்றாகப் போட்டாள். பின்னால் போகப் போக 'டிக்' குறைந்துகொண்டே வந்தது. மார்ச் மூன்றில் ஒரே ஒரு முறை. மார்ச் இரண்டில் இல்லை. அலையை அடக்குகிறேன் பேர்வழி என்று அரசுச் செவிக்கலம் விரிசல் விடும் சத்தத்தையும் சேர்த்து விழுங்கியிருக்கிறது. எட்டு மாதம் அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

கட்டுப்பாட்டு அறையை அழைத்தாள். "ஏழாம் பகுதி. விரிசல் ஒலி."

"எந்த நாள்லேர்ந்து மேடம்?"

முதல் ஒலி கேட்ட நாளை வைத்துத்தான் சுவரின் மிச்ச ஆயுளைக் கணிப்பார்கள். இன்று என்றால் ஊருக்கு ஒரு மாத அவகாசம், அவளுக்குப் பாராட்டு. மார்ச் என்றால் இந்த நிமிடமே சைரன், அவளுக்குச் சிறை. இன்று என்று சொல்லிவிடேன் என்று நாக்கு கெஞ்சியது. தாங்கினாலும் தாங்குமே! காதுக்குள் இன்றைய பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எட்டு நொடிக்கு ஒரு டிக்.

"மார்ச் மூணு. எனக்கு இப்பத்தான் கேட்டுச்சு. அத்தன நாளும் கையெழுத்து என்னோடதுதான்."

ஊர் முழுக்கச் சைரன் அலறியது. நசீரின் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏப்ரல்லதான்க்கா ஏழாம் பகுதிக்கு வீடு மாறுனோம். உம்மாவால நடக்க முடியாது. சுவரு எப்படின்னு விசாரிச்சப்ப, ஜெசிந்தா கேக்குற பகுதி, கண்ண மூடிக்கிட்டுப் போங்கன்னாங்க."

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. கடையைப் பூட்டாமல் தெருவில் இறங்கி ஓடினான்.

"எந்தத் தெரு தம்பி? ரெண்டு பேருமா தூக்கிரலாம், எந்தத் தெரு?" என்று கத்திக்கொண்டே ஜெசிந்தா அவன் பின்னால் ஓடினாள். அவன் திரும்பவே இல்லை.