இடம் மாறிய பொத்தான்

கணினித் திரையில், தோற்க வேண்டிய சோதனை தோற்கவில்லை. கண்தான் ஏமாற்றுகிறது என்று ரஹஃப் முதலில் நினைத்தாள்.

நோன்புக் காலத்தில் ஜோர்டானின் அம்மான் நகரத்து அலுவலகங்கள் மாலை மஃரிபு தொழுகைக்கு முன்பே காலியாகிவிடும். சற்றுமுன் மேலாளர் இஸ்ஸத் கோட்டை மாட்டியபடி வாசலில் நின்றிருந்தார்.

"குஸையோட பதிவையெல்லாம் இன்னிக்கு அழிச்சிடும்மா. திரையே மாறிப்போச்சு, இனி அது எதுக்கும் ஆகாது."

"கடைசியா ஒரு தடவை ஓட்டிப் பாத்துக்கறேன், உஸ்தாத்."

அவர் படி இறங்கப் போய்த் திரும்பினார். "தனியா உக்காந்திருக்காதே. வீட்டுக்குப் போய் நோன்பைத் திற."

குஸை அவள் கணவன். மருத்துவமனை முன்பதிவுத் திரையை இருவரும்தான் சோதித்து வந்தார்கள். சோதிக்கும் விதத்தில் ஓயாத சண்டை. அவள் எழுதும் நிரல் ஒவ்வொரு பொத்தானையும் பெயர் சொல்லித் தேடும்; அது எங்கே நகர்ந்தாலும் பிடித்துவிடும். அவனோ தன் கையாலேயே சோதித்து, திரையில் மவுஸின் அம்பு போன தடத்தை அப்படியே பதிந்துவைப்பான். மறுபடி ஓட்டினால் அதே புள்ளியில் அதே அழுத்தம். பொத்தான் ஒரு விரற்கடை நகர்ந்தாலும் போச்சு.

"உன் பதிவு குருடு, குஸை."

"இருந்துட்டுப் போகட்டுமே. உன் நிரல்ல யாரு இருக்கா சொல்லு? இதுல நான் இருக்கேன்."

சாக்கடலுக்கு இறங்கும் சாலையில், மழைக்காலத்துக் காட்டாற்று வெள்ளம் அவனை அடித்துக்கொண்டு போனது. கார் கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. இறுதித் தொழுகை நடந்தது, முன்னால் யாரும் கிடத்தப்படாமல்.

அந்தக் கையைப் பார்க்கத்தான் அவள் பதிவை ஓட்டினாள். பொத்தானை நெருங்கும்போது வரும் அவனுடைய சிறு தயக்கம், நடுவே தேநீர் உறிஞ்ச நின்ற நேரம், பிறகு சட்டென்று ஓர் இழுப்பு. எல்லாம் அப்படியே.

ஆனால் பழைய பொத்தான் இருந்த இடம் இப்போது வெறும் வெள்ளை. அங்கே அழுத்திவிட்டுத் தோற்றிருக்க வேண்டிய அம்பு அழுத்தவில்லை. நின்றது. இருட்டில் சுவரைத் தடவுகிறவனைப் போல இடமும் வலமும் அலைந்தது. மறுகோடியில் இருந்த புதுப் பொத்தானைக் கண்டுபிடித்து அழுத்தியது. திரை பச்சையானது: தேர்ச்சி.

மறுபடி ஓட்டினாள். இந்தமுறை அது தேடவே இல்லை. நேராகப் போனது.

பள்ளிவாசலில் பாங்கு ஒலி எழுந்தது. அது அடங்கியதும் நகரமே தட்டின் முன் குனிந்துவிட்டதுபோல் தெரு ஓய்ந்தது. அந்த அமைதியில், மேசைக்கடியில் எங்கோ சொட்டுச் சொட்டாக நீர் விழும் ஓசையும், வெள்ளம் வடிந்த பள்ளத்தாக்கின் புளித்த சேற்று வாடையும் அவளை நெருங்கின.

பதிவு ஓடும்போது திரையில் அம்புதான் நகரும். மேசைமேல் உள்ள மவுஸ் நகராது.

மவுஸ் நகர்ந்தது.

படிவத்தில் எழுத்துகள் விழுந்தன. நோயாளி: ரஹஃப். நாள்: இன்று. உடன் வருபவர்: குஸை.

"குஸை..." அவள் குரல் உடைந்தது. "குளிருதா உனக்கு?"

சொட்டு நின்றது.

அவள் மவுஸின்மேல் கைவைத்தாள். நிறுத்தவா, தொடவா, அவளுக்கே தெரியவில்லை.

அவள் கைமேல் ஒரு கை படிந்தது.

ஈரம். மணல். ஊறிப்போன தோல். பழகிய கனம்.

ஒரு கணம், ஒரே கணம், அவள் கண்மூடி அதை அப்படியே வைத்துக்கொண்டாள். பிறகு கையை இழுத்தாள். வரவில்லை.

அம்பு 'உறுதி செய்' மேல் போய் நின்றது. கலங்கிய நீர் அவள் விரலிடுக்கில் வழிந்து விசைப்பலகையில் பரவ, நகமில்லாத ஒரு விரல் அவள் விரலின்மேல் மெல்லப் படிந்து, சற்றே தயங்கி, அழுத்தத் தொடங்கியது.