நடுவருக்கு ஒரு கப் மயக்கம்

"ஆ...!"

அந்த அலறலில் மைதானத்தில் நின்றிருந்த பதினொரு குதிரைகளும் ஒரே நேரத்தில் காதை நிமிர்த்தின.

ஆடிட்டர் கையிலிருந்த தண்ணீர் வாளியைப் போட்டுவிட்டு ஓடினார்.

அலறியது லைப்ரரியன் அம்மா. வார நாட்களில் நூலகத்தில் எவனாவது இருமினாலே முறைக்கிற பெண்மணி. இன்று நடுவர் பக்கத்தில் உட்கார்ந்து மார்க் எழுதும் வேலை. விரலை நீட்டி நடுவரின் மரக் கூண்டுக்குள்ளே காட்டினார்.

அங்கே மேஜை மேல்... நடுவர் கர்னல் கவிழ்ந்து கிடந்தார்!

தொப்பி ஒரு பக்கம். மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம். பக்கத்தில், மூடி திறந்த ஒரு பச்சை பிளாஸ்க்.

ஆடிட்டர் அதை உற்றுப் பார்த்தார்.

அது அவருடைய பிளாஸ்க்!

"யாரும் எதையும் தொடாதீங்க!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தவர் இன்ஸ்பெக்டர். காக்கி இல்லை. வெள்ளைக் கால்சட்டை, முழங்கால் உயர பூட்ஸ், மார்பில் மூன்றாம் நம்பர். இங்கே குதிரை ஏறுகிற யாருக்கும் அது பிழைப்பு இல்லை. திங்கள் முதல் வெள்ளி வரை திருடனைப் பிடிப்பார்கள், பல்லைப் பிடுங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு எலும்பை முறித்துக்கொள்ள வந்துவிடுவார்கள்.

"டாக்டரைக் கூப்பிடுங்க!"

"இருக்கறது ஒரே ஒரு பல் டாக்டர்தான் சார்."

"வாய்க்குப் பக்கத்துலதானே மூக்கு இருக்கு? வரச் சொல்லுங்க!"

பல் டாக்டர் ஓடி வந்தாள். ஆடிட்டரின் மனைவி. மார்பில் எட்டாம் நம்பர். கர்னலின் மணிக்கட்டைப் பிடித்தாள். இமையைத் தூக்கிப் பார்த்தாள்.

"உயிர் இருக்கு. தூங்கறார்... அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுத் திரும்பியவள் பிளாஸ்க்கைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. ஆடிட்டர் அதைக் கவனித்துவிட்டார். கணக்கில் ஒரு பைசா இடறினாலே கண்டுபிடிக்கிற மனுஷன், பெண்டாட்டி முகம் வெளுத்தால் விடுவாரா?

அப்போது கர்னலின் உதடுகள் அசைந்தன!

இன்ஸ்பெக்டர் குனிந்து காதை வைத்தார்.

"எ... எட்டு..."

கூட்டம் மொத்தமும் பல் டாக்டரின் மார்பு நம்பரைப் பார்த்தது.

"ஐயய்யோ, அது குற்றவாளி நம்பர் இல்லீங்க!" லைப்ரரியன் அம்மா பதறினார். "ஆறாவது குதிரையிலேருந்து இவர் எல்லாத்துக்குமே எட்டு, எட்டுன்னுதான் சொல்லிட்டிருக்கார்!"

"தூங்கிட்டேவா? பக்கத்துல இருந்த உங்களுக்குத் தெரியலையா?"

"நான் எங்க சார் பாத்தேன்? நடுவர் குதிரையை விட்டு கண்ணை எடுக்கக் கூடாது. நான் பேப்பரை விட்டு கண்ணை எடுக்கக் கூடாது. அவர் சொல்ற நம்பரை எழுதணும், அவ்வளவுதான். நாப்பது வருஷமா அப்படித்தான்!"

இன்ஸ்பெக்டர் மார்க் தாள்களைப் பிடுங்கினார். போட்டியில் மூன்று கட்டம். முதலில் டிரெஸ்ஸாஜ்... கயிறு கட்டிய செவ்வகத்துக்குள் குதிரை சொன்ன பேச்சு கேட்கிறதா என்று பார்ப்பது. அப்புறம் காடு மேடெல்லாம் தடை தாண்டுவது. கடைசியில் மைதானத்தில் கம்பு தாண்டுவது.

"ஒன்பதாம் நம்பர் குதிரை கயித்தைத் தாண்டி கார் நிறுத்தற இடத்துக்கே போயிடுச்சு. அதுக்கும் பத்துக்கு எட்டா?"

"ஆமாங்க."

"ஒழுங்கா நடந்த என் குதிரைக்கு அஞ்சா?"

"அப்போ அவர் முழிச்சிட்டு இருந்தார் சார்."

இன்ஸ்பெக்டரின் மீசை துடித்தது.

"பிளாஸ்க் யாரோடது?"

ஆடிட்டர் கையைத் தூக்கினார்.

"என்னோடது. கேன்டீன் காபி வரல. கர்னல் பாவம், காலையிலேருந்து கத்திட்டிருந்தார். அதான் குடுத்தேன்..."

"காபி போட்டது யாரு?"

காலை ஐந்து மணிக்கு அடுக்களையில் நின்று, "இன்னைக்கு நானே போடறேங்க" என்று சொல்லி, ஸ்பூனால் கலக்கிக்கொண்டே... இருந்தவள் யார் என்று ஆடிட்டருக்குத் தெரியும். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவள் அடுப்பு பற்றவைத்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அவள் ஏன் செய்தாள் என்பதும் புரிந்துவிட்டதாகவே நினைத்தார். போன போட்டியில் அவளுக்குக் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தபோது, ஆஸ்பத்திரியில் வைத்து அவர்தான் கறாராகச் சொன்னார். "அடுத்த தடவை முதல் மூணு இடத்துக்குள்ள வரலேன்னா திங்கட்கிழமையே கலெக்டரை வித்துடணும்." அவளும் அழுதுகொண்டே தலையாட்டினாள்.

கலெக்டர் அவள் குதிரை. யார் உத்தரவையும் மதிக்காத நடை. அவளுக்கு அவன்தான் உசுரு. ஆனால் டிரெஸ்ஸாஜ் என்றாலே மூலைக்கு மூலை உதைப்பான். மார்க் தேறவே தேறாது. அதற்காக... நடுவருக்கே மருந்தா?

வெளியே தெரிந்தால் அவள் போட்டியில் இல்லை. கலெக்டரும் இல்லை. டாக்டர் தொழிலும் போகும்.

ஆடிட்டர் கண்ணை மூடிக்கொண்டு கத்தினார்.

"நான்தான்! நான்தான் மாத்திரை கலந்தேன்! என்னைப் பிடிச்சுட்டுப் போங்க!"

"என்ன மாத்திரை?"

"வெள்ளையா... வட்டமா..."

"உலகத்துல பாதி மாத்திரை வெள்ளையா வட்டமாத்தான் இருக்கு. பேர் சொல்லுங்க!"

ஆடிட்டர் திருதிருவென்று விழித்தார்.

"விடுங்க சார் அவரை!" பல் டாக்டர் முன்னால் வந்தாள். "அவருக்குப் பொய் சொல்ல வராது. கலந்தது நான்தான். அரை தூக்க மாத்திரை."

"நடுவருக்கா?"

"இல்ல. இவருக்கு!"

ஆடிட்டருக்குத் தலை சுற்றியது.

"எ... எனக்கா? நான் என்னடி பண்ணேன்?"

"என்ன பண்ணீங்களா? போன தடவை தண்ணித் தடைகிட்ட நின்னுட்டு, 'ஐயோ பாத்து!'ன்னு ஊரே அதிர்ற மாதிரி கத்தினீங்க. கலெக்டர் மிரண்டு நின்னுட்டான். நான் மட்டும் தாண்டிப் போய் விழுந்தேன்!"

"அதுக்கு முந்தின தடவை?"

"அதுவும் நீங்கதான்!"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே..."

"எத்தனை தடவை சொன்னேன்? 'பயத்துல வாய் தானா திறந்துக்குது'ன்னீங்க. வராதீங்கன்னு சொன்னா மூணு நாள் முகத்தைத் தூக்கி வெச்சுக்கறீங்க. கலெக்டர் போயிட்டா நான் என்னங்க பண்ணுவேன்? அதான் கொஞ்ச நேரம் வண்டியில தூங்கினா போதும்னு..." அவள் குரல் உடைந்தது. "தப்புதான்."

ஆடிட்டர் கலெக்டரைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை நாள் குதிரையைத்தானே திட்டினார்? அவள் கழுத்துப்பட்டை எலும்பை முறித்தது அவர் வாய்! நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"அடுத்த குதிரை வரட்டும்!"

எல்லோரும் துள்ளித் திரும்பினார்கள். கர்னல் எழுந்து உட்கார்ந்திருந்தார்!

விஷயத்தைச் சொன்னார்கள். மார்க் தாள்களைக் காட்டினார்கள். கர்னல் ஒன்பதாம் நம்பர் தாளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"டிரெஸ்ஸாஜ் மார்க் மொத்தமும் ரத்து. எல்லாரும் சைபர்லேருந்து ஆரம்பிங்க. மத்த ரெண்டு கட்டத்துலதான் முடிவு."

"இந்தம்மாவை நீக்கணும் சார்! இது கேஸ்!" இன்ஸ்பெக்டர் குதித்தார்.

"புகார் குடுக்க வேண்டியவன் நான்தானே? நான் குடுக்கல. பத்து வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான்யா நல்லா தூங்கினேன். டாக்டரம்மா, போறதுக்குள்ள அந்த மாத்திரை பேரை எழுதிக் குடுத்துட்டுப் போங்க!"

இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தார்.

"சரி. ஆனா இந்த ஆடிட்டர் என் கண் முன்னாடியே இருக்கணும். தண்ணித் தடைக்குப் பக்கத்துல என் ஜீப் நிக்குது. அதுல உக்காருங்க. எல்லாக் குதிரையும் அந்த வழியாத்தான் வந்தாகணும். நானும் வருவேன்!"

தண்ணீர்த் தடைக்குப் பக்கத்திலா? பல் டாக்டர் கணவனைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை.

ஆடிட்டர் மேஜையிலிருந்த பிளாஸ்க்கை எடுத்தார். பாதிக் காபி மிச்சம் இருந்தது. மடமடவென்று குடித்தார்!

"யோவ்! அது ஆதாரம்யா!"

"பத்திரமா உள்ள இருக்கு சார்."

ஜீப்பை நோக்கி நடந்தார். போகிற வழியில் கலெக்டரின் நெற்றியை ஒரு தட்டு தட்டினார்.

"அவளைப் பத்திரமா கொண்டு வந்துடுடா..."

சீட்டில் சாய்ந்தார். முதல் குதிரை கிளம்பும் மணி கேட்டது. அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

யாரோ ஜீப்பைத் தட்டினார்கள்.

கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. எதிரே மனைவி. முகமெல்லாம் சேறு, சேறெல்லாம் சிரிப்பு. அவள் பின்னால் கலெக்டர். கடிவாளத்தில் மஞ்சள் ரிப்பன்!

"மூணாவது இடம்ங்க! ஒரு தடையில கூட நிக்கல! ஒரு கம்பு கூட விழல!"

ஆடிட்டர் ஜீப்பிலிருந்து பாதி இறங்கி, பாதி விழுந்து, அவளைக் கட்டிக்கொண்டார்.

"நான் கத்தலியே?"

"நீங்க கத்தல!"

பதில் சொன்னது பின்னாலிருந்து வந்த ஒரு குரல். திரும்பினார். இன்ஸ்பெக்டர்! தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். ஹெல்மெட்டில் ஒரு கொத்துப் பாசி. மீசையிலிருந்து தண்ணீர் வடிந்தது.

"நான் மூணாவது இடத்துக்கு வந்துட்டிருந்தேன். தண்ணித் தடைகிட்ட வர்றேன்... ஜீப்புக்குள்ளேருந்து ஒரு குறட்டை! புலி வந்துடுச்சுன்னு நெனச்சு என் குதிரை நின்னுடுச்சு. நான் மட்டும் உள்ள போயிட்டேன்!"

"அப்போ கலெக்டர் ஏன் நிக்கல?" ஆடிட்டர் அப்பாவியாகக் கேட்டார்.

பல் டாக்டர் கலெக்டரின் கழுத்தைத் தடவினாள்.

"ஒவ்வொரு போட்டிக்கும் குதிரை ஏத்தற லாரியில அவன் பக்கத்துலதானே தூங்கிட்டு வர்றீங்க? நாலு வருஷத்துல அவன் பழகிட்டான். எனக்குத்தான் பதினாலு வருஷமாச்சு... இன்னும் பழகல!"