வெளுத்த பல்லும் அரை கப் காபியும்

இப்போதெல்லாம் மனுஷன் சிரிக்கிறதுக்குக் கூட பாஸ்போர்ட் எடுக்கிறான்!

பல் கொஞ்சம் மஞ்சளாக இருந்தால் சோறு இறங்காதா? கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"மாமா, இங்க பல் வெளுக்கிற செலவுல மூணுல ஒரு பங்குதான் அங்க. விமானம், ஓட்டல், டாக்டர், எல்லாம் ஒரே பேக்கேஜ். ரொம்பப் பாதுகாப்பு!"

பாதுகாப்பு...!

அப்படிச் சொன்ன என் மருமகன்தான், வெளிநாட்டு ஓட்டலின் மூன்றாம் மாடியில், நாற்காலியில் செத்துக் கிடந்தான்.

காலை எட்டு மணி பத்து நிமிஷம். பக்கத்து அறையில் நான் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்பாஆஆ...!"

என் மகளின் அலறல்!

ஓடினேன்.

அவன் வீடு விற்கும் தரகன். சிரிப்புதான் அவனுக்கு முதல். தலை பக்கவாட்டில் தொங்க, வாய் பிளந்திருந்தது. நேற்று வெளுத்த பல் வரிசை மட்டும் பளிச்சென்று இருந்தது. கையெட்டும் தூரத்தில் அரை கப் காபி.

"பல் கூச்சமா இருந்துச்சுப்பா... அதுக்கு பேஸ்ட் வாங்கக் கீழ கடைக்குப் போனேன்... இருபது நிமிஷம்தான்... வந்து பாத்தா..."

மகள் சுவரோடு சரிந்தாள்.

எதிர் அறைக் கதவு திறந்தது. மருமகனின் தொழில் கூட்டாளி எட்டிப் பார்த்தான். அவனும் பல் வெளுக்க எங்களோடு வந்தவன்தான்.

"ஐயோ... மாமா! மூச்சு இருக்கா?"

"மூச்சு இருந்தா பேசுவானே! இவன் பேசாம இருந்து நான் பாக்கறது இதுதான் முதல் தடவை."

கால் மணி நேரத்தில் போலீஸ். நரைத்த தலையும் ரப்பர் கையுறையுமாக ஒரு பெண் இன்ஸ்பெக்டர். பேச்சை மாற்றிச் சொல்ல, பல் கிளினிக்கின் துபாஷிப் பெண்ணையும் வரவழைத்திருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் கப்பை முகர்ந்தாள். ஏதோ சொட்டு மருந்து விட்டாள். காபி ஊதா நிறமாக மாறியது!

துபாஷிப் பெண் என் பக்கம் திரும்பினாள்.

"ஐயா... காபியில விஷமாம்."

"யாரு கலந்தாங்களாம்?"

அவள் பார்வை என் மகள் மேல் போய் நின்றது.

"லிஃப்ட் கேமராவைப் பாத்தாங்களாம். நேத்து சாயங்காலம் இவர் உங்க மகளை அறைஞ்சிருக்கார்."

எனக்குத் தெரியாது. என் மகளின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

"அம்மாடி... நிஜமா?"

"அதெல்லாம் புதுசில்லப்பா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா என்ன சொல்லியிருப்பீங்க? பொறுத்துப் போம்மான்னு."

அதைத்தான் சொல்லியிருப்பேன்.

விலங்கு மாட்டும் சத்தம்!

"இந்த நாட்டுல விஷம் வச்சுக் கொன்னா தூக்குதான்னு சொல்றாங்க ஐயா..." என்றாள் துபாஷிப் பெண்.

தூக்கு! எனக்கு இருப்பது ஒரே பெண்.

என் கண் கப்பை விட்டு நகரவில்லை. அந்தக் காபியில் ஏதோ இடித்தது.

"நில்லுங்க! ஏம்மா பொண்ணு, நேத்து பல் வெளுத்து முடிச்சதும் இவங்களுக்கு ஒரு சீட்டு படிச்சியே... அதை இப்ப திருப்பிச் சொல்லு."

"ரெண்டு நாளைக்கு காபி, டீ, மஞ்சள், சிகரெட் எதுவும் கூடாது. வெள்ளைச் சட்டையில பட்டா கறை விழற எதுவுமே வாயில படக் கூடாது. இல்லேன்னா பல் கறையை உறிஞ்சிக்கும். பால், ரொட்டி, வெறும் சோறு, முட்டையில வெள்ளை... அவ்வளவுதான்."

"இவன் அதைக் கேட்டுக்கிட்டானா?"

"கேட்டாரா! கேரட் தின்னலாமா, தக்காளி தின்னலாமான்னு நாலு தடவை என் உயிரை எடுத்தார்!"

"நேத்து ராத்திரி சோத்துல ஒரு மிளகு கிடந்துச்சுன்னு தட்டையே திருப்பி அனுப்பினவன் இவன். பல் எட்டுப் படி வெளுத்திருக்குன்னு டாக்டர் நிற அட்டையைப் பல்லுகிட்ட வச்சுக் காட்டினதும் கண்ணாடியை விட்டு நகரல. அவனா விடிஞ்சதும் காபி குடிப்பான்? தலையில துப்பாக்கி வச்சாலும் குடிக்க மாட்டான்!"

துபாஷிப் பெண் படபடவென்று மாற்றிச் சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் குனிந்தாள். செத்தவன் நாக்கில் பஞ்சைத் தேய்த்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

பஞ்சு வெள்ளையாகவே இருந்தது!

செத்தவன் ஒரு சொட்டுக் காபிகூடக் குடிக்கவில்லை.

குளியலறைக்குப் போனாள். ஒரு கண்ணாடி டம்ளரோடு வந்தாள்.

"காலையில இவருக்கு ரொட்டியும் பாலும் வந்திருக்கு. பால் டம்ளரை யாரோ கழுவிக் கவுத்து வச்சிருக்காங்க. விஷம் பால்லதான் போயிருக்கணும்னு சொல்றாங்க ஐயா. காபி, ஆளைத் திசை திருப்ப வச்சது."

"அப்படிக் கேளு! அதை வச்சவனுக்கு இந்த ரெண்டு நாள் கணக்கு தெரியாது. என் மக பக்கத்துலயே உக்காந்து கேட்டவ. அவளும் பல் வெளுத்துக்கிட்டவ. அவ போய் காபியை வைப்பாளா? கேக்காதவன் யாரு?"

எல்லாக் கண்ணும் கூட்டாளி மேல் திரும்பின.

"எ... என்னை ஏன் பாக்கறீங்க?"

"உனக்கு நேத்து பல் வெளுத்தாங்களா தம்பி?"

"இல்ல மாமா. சொத்தைப் பல்லை அடைக்காம மருந்து தடவ மாட்டேன்னு டாக்டர் அனுப்பிட்டார். கோவத்துல கிளம்பிப் போயிட்டேன்."

"அப்ப அந்த ரெண்டு நாள் விதி?"

"எந்த விதி?"

போதாதா?

இன்ஸ்பெக்டர் போனை எடுத்து ஓட்டல்காரர்களைக் கேட்டாள். இந்த மாடியில் இன்று காபி கேட்டது ஒரே ஒரு அறைதான்.

எதிர் அறை!

"அது என் கப்தான்... ஒத்துக்கறேன்! சூடு பட்டதும் சொத்தைப் பல்லு உயிர் போச்சு. பாதியில கதவுக்கு வெளிய வச்சுட்டேன். சத்தியமா! யாரோ எடுத்திருக்காங்க மாமா!"

"வராந்தாவுல கேமரா இல்ல" என்றாள் துபாஷிப் பெண். "அப்புறம்... ஊர் போனதும் கூட்டுலேருந்து விரட்டறேன்னு செத்தவர் இவரைத் திட்டினதும் அதே லிஃப்ட்ல பதிவாகியிருக்காம். உங்க மக கடைக்குப் போன இருபது நிமிஷத்துல இவர் உள்ள வந்து கலந்திருக்கார்ங்கறாங்க ஐயா."

விலங்கு கை மாறியது.

அவன் இழுபட்டுப் போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"நீங்களாவது நம்புங்க மாமா!"

நான் சுவரைப் பார்த்தேன்.

மதியம் இரண்டு மணி. ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படியிறங்கினோம். வெயில் கண்ணைக் குத்தியது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல வேளைப்பா, நீங்க சொன்னீங்க. அதையே நான் சொல்லியிருந்தா யாரு நம்புவா?"

நின்றேன்.

"உனக்கு முன்னாடியே தோணிச்சா?"

மகள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"அப்ப விலங்கு மாட்டறவரைக்கும் ஏன் சும்மா நின்ன?"

"பயத்துல நாக்கு ஒட்டிக்கிச்சுப்பா."

"சரி. அந்தப் பால் டம்ளரைக் கழுவினது யாரு?"

"நான்தான். அவர் குடிச்சதும் கழுவிக் கவுத்துட்டு அப்புறம்தான் கடைக்குப் போனேன். பழக்கம்."

"பழக்கமா? இருபத்தாறு வருஷம் என் வீட்ல இருந்தே. ஒரு டம்ளர் கழுவினதில்ல."

"கல்யாணம் எல்லாத்தையும் கத்துக் குடுக்குதேப்பா."

"அம்மாடி... நீ கடைக்குப் போறதுக்கு முன்னாடியே அவன் பாலைக் குடிச்சு முடிச்சுட்டான்னா... அந்தப் பய எப்ப கலந்தான்?"

மகள் சிரித்தாள்.

எட்டுப் படி வெளுத்த சிரிப்பு!

"நீங்க யாரைத்தான்பா நம்பியிருக்கீங்க?"

பின்னால் திரும்பினேன். ஸ்டேஷன் கதவு. உள்ளே, சொத்தைப் பல்லோடு ஒருத்தன் அழுதுகொண்டிருப்பான். முன்னால் திரும்பினேன். மகளின் கன்னம். பவுடர் பூசி மறைத்திருந்தாலும் நாலு விரல் தடம் இப்போது எனக்குத் தெரிந்தது.

ஒரு படி மேலே ஏறினேன்.

அதற்கு மேல் கால் வரவில்லை.

"அப்பா... உள்ள போய்ச் சொல்லப் போறீங்களா? நான் எதுவும் பண்ணலப்பா. நம்புங்க."

சொன்ன விதத்தில் குறையே இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

டாக்சி வந்து நின்றது. அவள் கதவைத் திறந்து பிடித்தாள். கைப்பையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

"வெயில் கொளுத்துது. குடிங்கப்பா."

வாங்கினேன். பாட்டிலைப் பார்த்தேன். மூடியின் சீல் உடைந்திருந்தது.

"நீ குடிச்சியாம்மா?"

"இல்லப்பா. உங்களுக்குத்தான் வச்சிருந்தேன்."

பாட்டிலை டாக்சி ஸீட்டில் மெதுவாக வைத்தேன். வேட்டியை மடித்துக் கட்டினேன்.

"நீ முன்னாடி போ கண்ணு. நான் நடந்து வர்றேன்."

"அப்பா! ஓட்டல் இங்கேருந்து பதினாலு கிலோமீட்டர்!"

"பரவாயில்ல" என்றேன், திரும்பிப் பார்க்காமல். "என் வயசுக்கு நடக்கறதுதான் உயிருக்கு நல்லதாம்!"