தலை திரும்பிய பொம்மை

பேராசிரியர் உட்காரவில்லை. செவிலியர் கல்லூரியில் பிரசவப் பயிற்சிக்குப் பொறுப்பானவர் அவர். பல்கலைக்கழக விசாரணை அதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்றபடியே சொன்னார்: "செய்முறைத் தேர்வுல ஒரு பொண்ணு தில்லுமுல்லு பண்ணிட்டா. விதிப்படி படிப்பை விட்டே நீக்கணும். ஆனா வகுப்புலேயே நல்ல கை அவளுக்குத்தான். மனசு கேக்கல."

"நீக்கிட வேண்டியதுதானே?" என்றான் அதிகாரியின் மச்சினன். அந்த அலுவலகத்தில் உதவியாளனாகச் சேர்ந்த நாளிலிருந்தே அவன் யாரையாவது பிடித்துவிடத் துடித்துக்கொண்டிருந்தான்.

"முதல்ல கேளு மாப்ளே. தூக்குல போடறது அப்புறம்," என்றார் அதிகாரி. ஓய்வுபெற்ற போலீஸ்காரர் அவர். அவர் குரலை உயர்த்தியதை யாரும் கேட்டதில்லை.

மூவரும் பயிற்சிக் கூடத்துக்குப் போனார்கள். கட்டிலில் கர்ப்பிணி உருவம் ஒன்று படுத்திருந்தது. அதன் ரப்பர் வயிற்றில் ஜிப். உள்ளே ஒரு துணிக் குழந்தை. குழந்தையின் மார்பில் இதயம்போல் துடிக்கும் சிறு கருவி. மாணவி திரைக்குள் தனியாகப் போய் வயிற்றைத் தொட்டுக் குழந்தை கிடக்கும் விதத்தை அறிய வேண்டும். கொம்புபோன்ற குழலைக் காதில் வைத்துத் துடிப்பை எண்ண வேண்டும். பிறகு வெளியே வந்து சொல்ல வேண்டும்.

"நேத்து நானே பிட்டம் கீழே வர்ற மாதிரி வச்சு, கூடத்தைப் பூட்டினேன். காலையில லேப் சிஸ்டர் பேட்டரி மாத்தினதோட சரி," என்றார் பேராசிரியர். "எல்லாரும் பிட்டம் கீழன்னுதான் சொன்னாங்க. கடைசியா வந்த இவ மட்டும் தலை கீழன்னா. திறந்தா தலை கீழதான் இருக்கு! உள்ளே வேற ரொம்ப நேரம் இருந்தா. ஜிப்பைத் திறந்து, தன் பதிலுக்கு ஏத்த மாதிரி திருப்பி வச்சுட்டா."

"மத்தவங்க துடிப்பை எப்படி எண்ணினாங்க?"

"அதுல கோட்டை விட்டுட்டாங்க. நான் ரொம்ப மெதுவா வச்சிருந்தேன். எல்லாரும் புத்தகத்துல இருக்கிற மாதிரி சரியான துடிப்புன்னு சொன்னாங்க. மார்க்கைக் குறைச்சேன்."

குற்றம் சாட்டப்பட்டவளைத் தோழிகள் 'ஐஸ்' என்று கூப்பிடுவார்கள். கை எப்போதும் குளிர்ந்திருக்குமாம். அழுது முகம் வீங்கியிருந்தது. செய்து காட்டச் சொன்னதும் உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டாள்.

"பொம்மைக்கு என்னம்மா குளிரப் போகுது?" என்று சிரித்தான் மச்சினன்.

"பொம்மைகிட்ட மறந்தா அம்மாகிட்டயும் மறப்பேன் சார்."

பிறகு அவள் கைகள் அந்த ரப்பர் வயிற்றின்மேல் நகர்ந்த விதத்தில் மச்சினன் சிரிப்பை மறந்தான். தூங்கும் ஒருத்தியை எழுப்பிவிடாமல் பேசுவதுபோல் இருந்தது.

"ரொம்ப நேரம் ஆனது ஏன்?"

"துடிப்பு மெதுவா இருந்துச்சு சார். நம்ப முடியாம திரும்பத் திரும்ப எண்ணினேன்."

அதிகாரி மற்ற மாணவிகளையும் லேப் சிஸ்டரையும் உள்ளே வரச் சொன்னார். வகுப்புத் தலைவியிடம் கேட்டார்: "உனக்குத் துடிப்பு எங்க கேட்டுச்சு?"

"தொப்புளுக்கு மேல சார். பிட்டம் கீழ இருந்தா அங்கதான் கேக்கும். தலை கீழ இருந்தா தொப்புளுக்குக் கீழ."

"அங்க நிஜமா கேட்டிருந்தா மெதுவான துடிப்பா இருந்திருக்கும். நீங்க சொன்னதோ புத்தகத்துத் துடிப்பு. அத்தனை பேரும் ஒரே மாதிரி தப்பா எண்ண முடியுமா? யாருக்குமே எதுவும் கேக்கல. காலையில மொத ஆள் வர்றப்பவே குழந்தை தலை கீழ வச்சுத்தான் கிடந்துச்சு."

வகுப்புத் தலைவி முகத்தை மூடிக்கொண்டாள். "மேடம் எப்பவும் பிட்டம் கீழதான் வைப்பாங்கன்னு சீனியர் அக்கா சொன்னாங்க சார். மேல வச்சுக் கேட்டேன், சத்தமே இல்ல. குழல்ல கோளாறுன்னு நெனச்சேன்."

"அப்ப திருப்பினது யாரு அத்தான்?" மச்சினன் கதவைப் பார்த்தான், யாரோ ஓடிவிடுவார்கள் என்பதுபோல.

அதிகாரி துணிக் குழந்தையை எடுத்து லேப் சிஸ்டரிடம் கொடுத்தார். "பேட்டரி மாத்தின மாதிரியே ஒருதரம் செஞ்சு காட்டுங்க சிஸ்டர்."

"பேட்டரிக்கு ஒரு விசாரணையா? நல்லா இருக்கே கூத்து," என்றபடி, பல காலம் பிரசவ வார்டில் இருந்த அந்த அம்மாள் பேச்சை நிறுத்தாமலே பேட்டரியைக் கழற்றி மாட்டினார். குழந்தையை வயிற்றுக்குள் வைத்தார், ஒரு தட்டுத் தட்டினார், ஜிப்பை இழுத்தார். தலை கீழே இருந்தது.

சிஸ்டர் தன் கைகளையே பார்த்தார். "ஐயோ... கை தானா வச்சிருச்சு சார்!"

"எத்தனையோ குழந்தைங்களை வாங்கின கை," என்றார் அதிகாரி. "கஷ்டப் பிரசவம் ஆகற மாதிரி பிட்டம் கீழ வச்சு மூட அதுக்கு எப்படி மனசு வரும்?"

பேராசிரியர் ஐஸின் எதிரே வந்து நின்றார். "வெளிய வந்ததும் வேற ஏதோ சொன்னியே? கோபத்துல நான் காதுல வாங்கல."

"துடிப்பு ரொம்ப மெதுவா இருக்கு, உடனே டாக்டரைக் கூப்பிடணும்னு சொன்னேன் மேடம்."

"நிஜ வயிறா இருந்திருந்தா அந்தக் குழந்தை உன்னாலதான் பிழைச்சிருக்கும்." அவர் மதிப்பெண் தாளை எடுத்து எழுதினார். "தேர்ச்சி. பிரசவ வார்டுல ஆள் இல்லாம தவிக்கிறாங்க, கிளம்பு. மத்தவங்க எல்லாம் மறுபடி வரிசையில நில்லுங்க."

ஐஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாய்ந்தாள்.

"ஓடாதே! நர்ஸ் ஓடினா வார்டே பயந்துடும்."

அவள் நடந்தாள். அந்த நடையை எட்டிப்பிடிக்க மச்சினன்தான் ஓட வேண்டியிருந்திருக்கும்.