ஒரு செம்பு வெந்நீருக்கு எத்தனை புத்தகம்?

சீட்டைப் பிரித்ததுமே வேறு சீட்டு வேண்டும் என்று சொர்ணவல்லி கேட்டாள்.

ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் எகிப்து நாட்டில், அலெக்சாந்திரியா என்ற ஊரில், ஏழு லட்சம் சுவடிகள் கொண்ட ஒரு நூலகம் இருந்ததாம். பிறகு அது அழிந்துபோனது. அழித்தது யார் என்று ஆலங்குடி மாலை வகுப்பில் வெள்ளிக்கிழமை சொற்போர். ரோமாபுரிப் படை வைத்த தீ என்று பேச ஒரு சீட்டு. கோபக்காரக் கூட்டம் ஒன்று புகுந்து உடைத்தது என்று பேச ஒரு சீட்டு. மூன்றாவது சீட்டுதான் அவளுக்கு வந்தது. அரபு நாட்டு முஸ்லிம் படை அந்தச் சுவடிகளை நாலாயிரம் பொதுக் குளியலறைகளில் வெந்நீர் போட ஆறு மாதம் எரித்ததாக ஒரு பழைய கதை. அதுதான் நடந்தது என்று அவள் பேச வேண்டும்.

"வந்த சீட்டை மாத்தக் கூடாது" என்று வெள்ளைச்சாமி வாத்தியார் சொல்லிவிட்டார். மேசைமேல் அவர் அடிக்க வைத்திருக்கும் புளிய விளாறு கிடந்தது.

விளாறைவிட, பின்பலகையைத் திரும்பிப் பார்க்கத்தான் அவளுக்குப் பயம். அங்கே கிபாயத்துல்லா இருந்தான். வகுப்பில் அவன் ஒருவன்தான் முஸ்லிம்.

அவள் சீட்டை எட்டிப் பார்த்த பெரியகருப்பன் அப்போதே ஆரம்பித்துவிட்டான். "ஏண்டா, இன்னைக்கி எந்தப் பொஸ்தகத்த வச்சு வெந்நி போட்டே?"

எல்லாரும் சிரித்தார்கள். கிபாயத்துல்லாவும் சிரித்தான். ஆனால் வெளியே வந்ததும் அவளிடம் மட்டும் சொன்னான்: "வெள்ளிக்கிழமை நீயும் அதையே சொன்னா, அப்புறம் நான் இங்கிட்டு வரமாட்டேன்."

அந்தக் கதை பொய் என்று சொல்ல அவளுக்கு என்ன தெரியும்? சரித்திரப் புத்தகத்திலேயே இருக்கிறதே. யோசிக்க யோசிக்கப் பயம்தான் கூடியது.

ஆனால் வெந்நீரைப் பற்றி அவளுக்குத் தெரியும். பகலெல்லாம் ஆத்தாவோடு நெல் அவிப்பவள் அவள். அண்டா கொதிக்க எத்தனை கட்டு விறகு வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். காகிதம் என்றால்?

மறுநாள் காலையில் மூன்று கல் கூட்டி, ஒரு செம்புத் தண்ணீர் வைத்தாள். பழைய நோட்டுகள் இரண்டும் குப்பென்று எரிந்து அடங்கின. தண்ணீர் பச்சைத் தண்ணீராகவே இருந்தது. இன்னொரு நோட்டுக்கு எங்கே போவாள்? யுத்த காலம். காகிதம் கிடைப்பதே அரிது. பையில் கணக்கு நோட்டு ஒன்றுதான் இருந்தது. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அடுப்பில் வைத்துவிட்டாள்.

தண்ணீர் வெதுவெதுப்பானது. அவளுக்குத்தான் கை கால் சில்லிட்டது.

வெள்ளிக்கிழமை மற்ற இருவரும் பேசி முடித்தார்கள். சொர்ணவல்லி எழுந்தாள்.

"எனக்கு வந்த சீட்ட என்னால பேச முடியலீங்க, சார்."

வாத்தியார் கை விளாறைத் தேடியது. "ஏன்?"

"ஒரு செம்புத் தண்ணி வெதுவெதுன்னு ஆகவே மூணு நோட்டு எரிச்சேன். எங்க அண்டா முப்பத்தஞ்சு செம்பு பிடிக்கும். ஒரு அண்டாவுக்கு நூறு நோட்டுன்னு கொறச்சே வச்சேன். எடத்துக்கு ஒரு அண்டான்னு வச்சாலே நாலாயிரம் எடத்துக்கு ஒரு நாளைக்கு நாலு லட்சம். அங்க இருந்த சுவடியே ஏழு லட்சம். ரெண்டு நாளைக்குக்கூட காணாதுங்க, சார். அப்புறம் எப்படி ஆறு மாசம்?" அவள் விளாறைப் பார்த்தாள். "என் கணக்கு தப்பாக்கூட இருக்கலாம்."

வாத்தியார் விளாறை விட்டுச் சாக்குக்கட்டியை எடுத்தார். கரும்பலகையில் ஒரு முறை பெருக்கிப் பார்த்தார். அழித்துவிட்டு இன்னொரு முறை பெருக்கினார்.

"கணக்கு சரிதான்" என்றார். அந்தக் கதையே, அந்தப் படை வந்துபோய் அறுநூறு வருஷம் போல கழித்துத்தான் எழுதப்பட்டது என்று தாமும் எங்கோ படித்ததாகச் சொன்னார்.

"அப்ப யாருதான் சார் அழிச்சது?" என்று கேட்டான் பெரியகருப்பன். இப்போது அவன் பின்பலகைப் பக்கம் திரும்பவில்லை.

"தெரியலடா" என்றார் வாத்தியார். பிறகு அவர் பார்வை சொர்ணவல்லியின் பைமேல் விழுந்தது. "மூணு நோட்டுன்னியே, ஒன் கணக்கு நோட்டு எங்க?"

அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "அத எரிச்சது நான்தாங்க, சார்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. வாத்தியாருக்கும் மீசை துடித்தது. "நல்லது. ஒரு வழக்காவது தீந்துச்சு" என்று விளாறைத் தூக்கி மூலையில் போட்டார். "காலண்டர்த் தாள் முதுகுலயாவது அத்தனை கணக்கையும் எழுதித் திங்கக்கிழமை கொண்டா."

உட்கார்ந்ததும் அவள் முதுகில் ஏதோ இடித்தது. கிபாயத்துல்லாவின் கணக்கு நோட்டு.

"பாத்து எழுதிக்க" என்று அவன் கிசுகிசுத்தான். "வெந்நி கிந்நி போட்டுறாத."