தயிர் சுட்ட நாள்

அன்றைக்கு மழை பெய்ததா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. பெய்தது என்கிறாள் இளவரசி. தூறல்கூட இல்லை, படிக்கட்டைக் கழுவிவிட்ட ஈரம்தான் என்கிறான் ஜோசுவா. நான் அந்தப் படிக்கட்டின் மேலேதான் நின்றிருந்தேன். என் நினைவில் நிற்பதோ ஒரு தூக்குப் பாத்திரம் விழுந்த சத்தம் மட்டும்தான். மற்றதெல்லாம் அவர்கள் சொல்லக் கேட்டுச் சேர்த்துக்கொண்டது. கொஞ்சம் என் மனசும் அதில் கலந்திருக்கலாம்...

மழை பெய்தது என்றே வைத்துக்கொள்கிறேன். அவளுடைய கண்களுக்கு மழைதான் பொருத்தம்.

காந்தி ரோட்டுப் பட்டுக்கடையில் எனக்கும் இளவரசிக்கும் ஒரே மெத்தை. அதில் உட்கார்ந்து வருகிறவர்களுக்குச் சேலை விரித்துக் காட்டுவோம், மறுபடி மடித்து வைப்போம். மதியச் சாப்பாடு பஸ் ஸ்டாண்டு பக்கம் மரியம்மாள் நடத்தும் மெஸ்ஸிலிருந்து வரும். கொண்டுவருகிற ஆள் நின்றுவிட்டதால், அன்று முதன்முதலாக மரியம்மாளின் மகன் ஜோசுவாவே வந்தான். இரண்டு கையிலும் பாத்திரம். எதிரே இறங்கி வந்த இளவரசியிடம் ஒன்றை நீட்டினான்.

"கொஞ்சம் புடிங்க..."

பிடித்தாள். விரல்கள் மடங்கவில்லை. தூக்கு உருண்டு, படியெல்லாம் வெள்ளை.

"இன்னாங்க இது! கண்ண எங்க வெச்சிக்கினு வர்றீங்க?"

"சுட்டுடுச்சி. அதான் விட்டுட்டேன்."

அவன் படியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"தயிருங்க அது. தயிர் எப்பிடிங்க சுடும்?"

அவள் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். முகம் மட்டும் சிவந்து, அந்தப் பெரிய கண்கள் ஒரு நொடி அவனிடம் எதையோ கெஞ்சின. என்ன கெஞ்சுகிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை. ஆனால் அந்தப் பார்வை மெஸ் வரைக்கும் கூடவே வந்தது என்று பின்னால் சொன்னான்.

மறுநாளும் அவனே வந்தான். அதற்கடுத்த நாளும்...

"பேரு இன்னாங்க?"

"இளவரசி."

"அதான பாத்தேன். அரண்மனையில தயிர் சுடச்சுடத்தான் குடுப்பாங்க போல."

"உங்க மெஸ்ஸுல சாம்பார் ஆறிப்போயி குடுக்கறதுக்கு அது பரவால்ல."

கடையே சிரிக்கும். ஆனால் அவள் அந்தச் சாம்பாரைத் தொட்டதே இல்லை. நாங்கள் வட்டமாக உட்கார்ந்து அடுத்தவர் தட்டில் கைவைத்துச் சாப்பிடும்போது, அவள் சற்றுத் தள்ளித் தன் டப்பாவைத் திறப்பாள். வரகுச் சோறு, முருங்கைக்கீரை, மிளகு தூக்கலாகப் பாசிப்பருப்பு. அதைத் தவிர எதுவும் இல்லை. 'டயட்டு' என்பாள். நாங்களும் இளைப்பதற்குத்தான் என்று நினைத்தோம்.

காரணம் அவள் உடம்புக்குள் இருந்தது. முடக்கு வாதம். உடம்பின் காவலே உடம்பைத் தாக்குகிற நோய் என்று சென்னை டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் விரல் மூட்டுகள் வீங்கி இறுகும், சட்டைப் பித்தான்கூட எதிரியாகிவிடும். மாத்திரையை விடக் கூடாது, எது ஒத்துக்கொள்ளவில்லையோ அதைக் கவனித்து விலக்கிப் பாருங்கள் என்றார். அப்படி ஒவ்வொன்றாகப் போனதுதான் தயிர், பரோட்டா, எண்ணெயில் பொரித்தது, இனிப்பு. மெல்ல மெல்ல விரல்கள் அவளுக்குத் திரும்பி வந்தன... முழுசாக இல்லை, சேலை மடிக்கிற அளவுக்கு.

ஆனால் இதை வெளியில் சொல்லக் கூடாது என்பது சொந்த ஊர் தென்னேரியில் அவள் அப்பா மாணிக்கவேல் போட்ட கட்டளை. உத்திரமேரூரில் அவளுக்கு ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார். கடை மேனேஜர் கைலாசத்துக்குத் தெரிந்தால் மெத்தையை விட்டு இறக்கிவிடுவார் என்று அவளுக்கும் பயம். மறைத்து மறைத்து அவளுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஜோசுவா வரும் நேரத்துக்கு முன்னால் பத்து தடவை படிக்கட்டை எட்டிப்பார்ப்பாள். வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஜோசுவாவின் தங்கை கலையரசிக்கு நிச்சயமான அன்று கடைக்கே பிரியாணி வந்தது. அவளுக்கு மட்டும் தனியாக, வாழை இலையில் கட்டி.

"இது எங்கம்மா கையால ஸ்பெஷலா கட்டுனது. டயட்ட நாளைக்கி பாத்துக்கலாம்பா."

வாங்கிக்கொண்டாள். மறுக்க மனசு வரவில்லை. அவன் போய்விட்டான் என்று நினைத்துப் பொட்டலத்தை வாட்ச்மேனிடம் கொடுத்தாள். போனை மறந்து வைத்துவிட்டு, அதை எடுக்கத் திரும்பி வந்தவன் வாசலில் நின்றிருந்தான்.

வாட்ச்மேன் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தான்.

"தென்னேரி பெரிய வீட்டுப் பொண்ணுன்னு சொன்னாங்க. எங்க ஊட்டு சோறு உங்களுக்கு எறங்காதுன்னு எனக்குத்தான் தோணல. எங்க தாத்தா காலத்துலயே பாத்ததுதான... புதுசா இன்னா?"

"ஐயோ... அப்பிடி இல்ல!"

"பின்ன?"

அந்த 'பின்ன'வுக்கு ஒரு வார்த்தை போதும். தொண்டை வரைக்கும் வந்தது. அப்பா, வரன், மெத்தை எல்லாமே அதைப் பிடித்து உள்ளே இழுத்தன. அவள் நின்றாள். அவன் போனான்.

அதன்பின் சாப்பாடு படிக்கட்டின் கீழே வைக்கப்பட்டது. மேலே யாரும் வரவில்லை. இளவரசி தூங்கவில்லை. 'என்னைப் பற்றி அவன் என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும், சாதி பார்க்கிறேன் என்று மட்டும் நினைக்கலாமா...' அந்த ஒன்றே அவளைக் குடைந்தது.

ஒரு மதியம் என்னையும் இழுத்துக்கொண்டு மெஸ்ஸுக்கே போனாள். கல்லாவில் ஜோசுவா. அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். பரோட்டா கேட்டாள். பிரியாணி கேட்டாள். கடைசியில் தயிர்சாதம். ஒவ்வொரு கவளத்தையும் அவனைப் பார்த்துக்கொண்டே விழுங்கினாள். கண்ணில் நீர் கட்டி நின்றது. காரம் என்று நான் நினைத்தேன். மரியம்மாள் வெளியே வந்து, "மெதுவா சாப்புடும்மா, யாரும் புடுங்கிக்க மாட்டாங்க," என்றார். ஜோசுவா தலை குனிந்தபடியே இருந்தான்.

அடுத்த நாள் காலை கல்யாணப் பட்டு எடுக்க ஒரு கூட்டம் வந்தது. இளவரசி கூறைச் சேலையை விரிக்கக் கை நீட்டினாள். விரல்கள் இஞ்சிக் கிழங்குபோல் வீங்கியிருந்தன. சேலை நழுவியது. எடுக்க முயன்றாள், மறுபடி நழுவியது. அத்தனை பேர் முன்னால் அந்தக் கைகளை ஒளிக்க அவளுக்கு இடமே இல்லை. சாப்பிட்டதாலா, பல நாள் தூங்காததாலா என்று டாக்டராலும் பிறகு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நான்தான் ஜோசுவாவுக்குப் போன் பண்ணினேன். ஓடி வந்தான். அதே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை கைகளை மறைக்கவில்லை, மடியில் வைத்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கீழ்ப்படியில் உட்கார்ந்து கேட்டான்.

"லூசா நீ? தெரிஞ்சே எதுக்கு சாப்ட்ட?"

"நீ அப்பிடி நெனச்சிக்கினு இருக்கறத என்னால தாங்க முடியல. இந்த வலி பரவால்ல."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அன்னிக்கி தயிர் சுட்டுச்சின்னு சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும்."

"அன்னிக்கி எங்க சுட்டுச்சி... நேத்துதான் சுட்டுச்சி."

இருவரும் சிரித்தார்கள். தெருவில் ஒரு ஆட்டோ போயிற்று.

"இது போவாது, ஜோசுவா. ஆயுசுக்கும் இருக்கும்."

"இருக்கட்டுமே. நானும் ஆயுசுக்கும் சமைக்கத்தான் போறேன். நீ எத சாப்புடுவ, எத சாப்புடக்கூடாது... அத மட்டும் எங்கிட்ட மறைக்காத. புடிச்சிருக்குது உன்ன. அன்னிலேர்ந்தே."

"எனக்கும்..." என்றாள். மீதியைக் கண்கள் சொல்லின.

அடுத்த வருஷம் ரெஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் நடந்தது. உத்திரமேரூர் வரன் வந்தவாசியில் பெண் எடுத்தான். கைலாசம் இளவரசியை மெத்தையிலிருந்து எடுக்கத்தான் செய்தார்; இப்போது வீடியோ காலில் வெளியூர்க்காரர்களுக்குச் சேலை காட்டுகிறாள், விரிப்பது வேறொருத்தி. மாத்திரையை விடவில்லை. சில காலைகளில் விரல்கள் இன்னும் இறுகுகின்றன. அன்றைக்கெல்லாம் ஜோசுவா ஊட்டிவிடுகிறான். மரியம்மாள் மெஸ்ஸில் வரகுச் சோற்றுக்கென்று ஒரு தனி அடுப்பு எரிகிறது. இளவரசியின் அம்மா மாதம் ஒருமுறை வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார். மாணிக்கவேல் இதுவரை வரவில்லை. நான் கடையை விட்டு நின்றுவிட்டேன்; மழை பெய்தால் மட்டும் அந்தக் கண்கள் நினைவுக்கு வருகின்றன.